வட அமெரிக்கப் பழங்குடிகளான இரோகுவாய் மக்கள் பல குடும்பங்களாகச் சேர்ந்து வாழ்ந்த பழைய நீள்வீடுகள் எதுவும் மிஞ்சவில்லையே, அவற்றின் அளவு எப்படித் தெரிந்தது?

மண்ணில் பதிந்த கறைகளை வைத்துத்தான். நியூயார்க் மாநிலப் பகுதியில் இவர்கள் மரக்கம்பங்களை நட்டு, எல்ம் மரப்பட்டையால் மூடி வீடு கட்டினார்கள். கம்பம் மக்கிய இடத்தில் மண் கருத்த வட்டமாகத் தெரியும். அவற்றை வரிசையாகக் குறித்தால் வீட்டின் வடிவம் கிடைத்துவிடும்: அகலம் சுமார் 6 மீட்டர், நீளம் சில இடங்களில் 60 மீட்டருக்கும் மேல். நடுவில் அடுப்புக் குழிகள். ஒரு அடுப்பை இரு பக்கமும் இரண்டு குடும்பங்கள் பகிர்ந்ததால், எத்தனை பேர் வாழ்ந்தார்கள் என்றும் ஓரளவு கணக்கிடலாம்.

சரி, ஏன் இவ்வளவு நீளம்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வீடு தாய்வழி உறவுக்குச் சொந்தம். கல்யாணமானதும் கணவன்தான் மனைவி வீட்டுக்கு வருவான். மகள்களின் குடும்பம் பெருகினால் வீட்டின் முனையை நீட்டிக் கட்டுவார்கள். அந்த நீட்டிப்பும் கறைகளில் தெரிகிறது. தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் நீக்குவதும்கூடக் குலத்தாய்மார், அதாவது குலத்தை வழிநடத்திய மூத்த பெண்கள் கையில்தான் இருந்தது.