காய்ச்சலுக்குப் பிறகு விந்தணு எண்ணிக்கை குறைவது ஏன்? மறுபடி எப்போது சோதிக்க வேண்டும்?

விந்துப் பரிசோதனை என்பது விந்தின் அளவையும், அதிலுள்ள அணுக்களின் எண்ணிக்கை, நகரும் திறன், வடிவம் ஆகியவற்றையும் பார்ப்பது. ஒரு விந்தணு விரையில் உருவாகச் சுமார் 74 நாள் ஆகும். வெளிவர மேலும் ஒன்றிரண்டு வாரம். விரை உடற்சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் இந்த வேலை ஒழுங்காக நடக்கும். கடும் காய்ச்சல் அதைக் கெடுத்துவிடுகிறது. பூக்கும்போது மழையில் சிக்கிய நெல் அறுவடையில்தான் பதராகத் தெரியும் இல்லையா, அதுபோலப் பாதிப்பு வாரங்கள் கழித்தே அறிக்கையில் தெரியும். அதனால்தான் மூன்று மாதம் கழித்து மறு சோதனை.

அதற்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். மாதிரி எடுக்கும்போது சோப்பு, எண்ணெய், சாதாரண ஆணுறை எதுவும் கூடாது. முதலில் வரும் துளிகளில்தான் அணுக்கள் அதிகம். அவை சிந்திவிட்டால் மறைக்காமல் ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் எண்ணிக்கை பொய்யாகக் குறையும். வீட்டில் எடுத்தால் உடற்சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்கவும். அணுவே இல்லை என்று வந்தால் மட்டும் மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

விந்தணு எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 1.6 கோடிக்குக் கீழே வந்தாலே குழந்தை பிறக்காது என்று பலர் நினைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் உள்ள அந்த எண், ஓராண்டுக்குள் துணைவி கருவுற்ற ஆண்களிடம் எடுத்த அளவு, அவர்களிலேயே 5 சதவீதம் பேர் அதற்குக் கீழேதான் இருந்தார்கள்.