நர்சிங்ல கேர் கோஆர்டினேஷன்னா என்னங்க?

டாக்டர், பிசியோ, டயட்டீஷியன்னு பல பேர் செய்யற வேலைய பேஷன்டோட வீட்டு நிலைமைக்கு ஏத்தமாதிரி ஒண்ணா கோக்கறதுதான் இது. ஏன்னா அவங்கவங்க அவங்க பங்க மட்டும்தான் பாப்பாங்க, ஷிப்ட் மாறும்போது தகவல் விட்டுப்போகும், ஒரே மருந்த ரெண்டு டாக்டர் வேற வேற பேர்ல எழுதிடுவாங்க. கல்யாண வீட்ல சமையல், பந்தல், மேளம் எல்லாம் இருந்தும் முன்ன நின்னு பாக்க ஒரு மாமா இல்லனா பந்தி நேரத்துல இலை இருக்காதுல்ல, அப்படித்தான்.

வேலூருக்கு வங்காளம், ஜார்க்கண்ட்ல இருந்தெல்லாம் வைத்தியத்துக்கு வர்றாங்க, அவங்கள அடுத்த வாரம் கட்டு பிரிக்க வாங்கனு அனுப்ப முடியுமா? ஊர்ல யார் கட்டு மாத்துவாங்க, கூட யார் இருப்பாங்கனு அட்மிஷன் அன்னைக்கே கேட்டு, அவங்க பாஷையிலயே சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லி பாக்கணும் (இதத்தான் நெறைய பேர் விட்டுடறாங்க).

பேஷன்ட் கேக்கறதெல்லாம் குடுக்கறதுதான் இதுனு சிலர் நெனைக்கிறாங்க, இல்லங்க, உப்பு கொறைக்கணும்னா கொறைக்கத்தான் வேணும், எப்படி கொறைக்கறதுங்கறத மட்டும் அவரோட சேர்ந்து முடிவு பண்ணுவோம்.