கேள்வி – பதில்: வாக்குப்பெட்டியும் இயக்கமும்

கேள்வி: தேர்தலில் இறங்கினாலே இடதுசாரிக் கட்சி நீர்த்துப்போகும் என்று தோழர்கள் சிலர் அடித்துச் சொல்கிறார்கள். 1914இல் ஜெர்மன் கட்சி செய்ததைக் காட்டுகிறார்கள். சரிதானா?

பதில்: அவர்கள் காட்டும் சம்பவம் உண்மை, எடுக்கும் முடிவுதான் தவறு. 1912 தேர்தலில் ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி 397 இடங்களில் 110ஐப் பிடித்தது. 1914 ஆகஸ்ட் 4 அன்று அதே கட்சி போர்க்கடனை, அதாவது முதல் உலகப் போருக்காக அரசு கடன் வாங்குவதை, ஆதரித்து வாக்களித்தது. அதற்கு முந்தைய நாள் கட்சி எம்.பி.க்களின் உள்கூட்டத்தில் ஆதரித்தவர்கள் 78 பேர், எதிர்த்தவர்கள் 14 பேர். எதிர்த்த கார்ல் லீப்னெக்ட்கூட குழுக் கட்டுப்பாட்டுக்கு அடங்கி 4ஆம் தேதி ஆதரவாகவே வாக்களித்தார். டிசம்பரில்தான் தனியாளாக எதிர்த்தார்.

அதே ஆண்டு ரஷ்யாவைப் பாருங்கள். நான்காவது டூமாவுக்கு (ரஷ்ய நாடாளுமன்றம்) போன போல்ஷெவிக்குகள் (லெனினின் கட்சியினர்) ஆறு பேர், எல்லோரும் தொழிலாளர்களுக்கென்று இருந்த தனி வாக்காளர் பிரிவில் தேர்வானவர்கள். அவர்களில் மாலினோவ்ஸ்கி போலீஸ் உளவாளி. போருக்கு முன்பே பதவி விலகிப் போய்விட்டார். மீதி ஐந்து பேரும் போர்க்கடனை ஆதரிக்க மறுத்து வெளிநடப்பு செய்தார்கள். நவம்பரில் கைதாகி, பிறகு சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள்.

இரண்டு கட்சிகளும் தேர்தலில் நின்றவைதான். ஜெர்மன் கட்சிக்குப் பத்திரிகைகள், கட்டடங்கள், முழுநேர நிர்வாகிகள் என்று இழக்க நிறைய இருந்தது. தடை வந்தால் எல்லாம் போய்விடும் என்று அஞ்சியது. ரஷ்ய உறுப்பினர்களோ ஆலைத் தொழிலாளர்களுக்கும் தலைமறைவுக் கட்சிக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள். உறுப்பினர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

கேள்வி: பிரச்சாரத்தில் நூறு பேர் வேலை செய்கிறார்கள். முடிவு வந்த மறுவாரம் பத்துப் பேர்கூட இல்லை. ஏன்?

பதில்: நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது கோளாறு. வீடு வீடாகப் போகிறவர்கள் பெயருக்கு எதிரே ‘ஆதரவு’, ‘எதிர்ப்பு’, ‘சந்தேகம்’ என்று மட்டும் குறித்தால் வாக்குப்பதிவோடு அந்தப் பட்டியல் செத்துவிடும். இன்னும் இரண்டு கட்டம் போடுங்கள்: இவருடைய முக்கியப் பிரச்சினை என்ன, அதற்காகக் கூட்டத்துக்கு வருவாரா. வாடகை உயர்வைப் பற்றிப் பேசியவர்களை ஒரு பட்டியலிலும், சம்பள பாக்கியைச் சொன்னவர்களை இன்னொன்றிலும் பிரித்துவிடலாம். முடிவு எதுவானாலும் அடுத்த ஏழு நாளுக்குள் இந்தப் பட்டியல்களை வைத்துத் தனித்தனிக் கூட்டம் போட வேண்டும். அதன் தேதியை வாக்குப்பதிவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். நோட்டுகள் கிளையில் இருக்கட்டும். வேட்பாளரின் அலுவலகத்துக்குப் போனவை திரும்பி வருவதில்லை.

கேள்வி: ஜெயித்தவர் கைமீறிப் போகாமல் தடுக்க என்ன வழி?

பதில்: 1871இல் பாரிஸில் அமைந்த தொழிலாளர் ஆட்சியான பாரிஸ் கம்யூன் தன் ஊழியர்களின் உச்சச் சம்பளத்தை ஆண்டுக்கு 6,000 பிராங்காக வைத்தது. இன்றும் பல கட்சிகள் உறுப்பினரின் ஊதியத்தை லெவியாக (கட்சிக்குக் கட்டும் பங்காக) வாங்கிக்கொண்டு படி மட்டும் தருகின்றன. பெல்ஜியத் தொழிலாளர் கட்சியின் எம்.பி.க்கள் ஒரு தொழிலாளியின் சராசரிச் சம்பளத்தில்தான் வாழ்கிறார்கள். இது அவசியம், ஆனால் போதாது. பல நாடுகளின் சட்டப்படி உறுப்பினரை எந்த உத்தரவும் கட்டுப்படுத்தாது. ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 38ஆவது பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது. அதனால் பிடி வேறு இடத்தில் வேண்டும். அவருடைய உதவியாளர்களை அமைப்பே நியமிக்கட்டும். முக்கிய வாக்கெடுப்புக்கு முன்பே கிளைக் கூட்டத்தில் அவர் தன் நிலைப்பாட்டைச் சொல்லட்டும். வாக்களித்த பிறகு வந்து விளக்குவதால் பயனில்லை. இந்த நிபந்தனைகளை வேட்பாளராக அறிவிக்கும் நாளிலேயே எழுத்தில் வாங்குங்கள்.