மூணு தடவ ஊசி போட்டும் சினை பிடிக்கல, மாடு மலடாயிருச்சா டாக்டர்?

கேள்வி: டாக்டர், நாங்க பொகவந்தலாவ பக்கம் ஒரு தோட்டத்துல இருக்கோம். எங்க மாடு பிரீசியன் கிராஸ், ரெண்டாவது கன்னு போட்டு 7 மாசம் ஆகுது. அப்ப நஞ்சுக்கொடி விழல, அடுத்த நாள் ஒரு ஆள கூட்டிட்டு வந்து கையால இழுத்து எடுத்தோம். மூணு தடவ சினை ஊசி போட்டாச்சு, ஒவ்வொரு தடவையும் 21, 22 நாள்ல திரும்ப பருவத்துக்கு வந்து கத்துது. கடைசி தடவ காலைல கத்துச்சு, ஊசி போடுறவரு அடுத்த நாள் பின்னேரம்தான் வந்தாரு, மறுநாள் வாலுல ரத்தம். பாலும் 12 லீட்டர்ல இருந்து 6க்கு வந்துருச்சு. மலட்டு மாடு, வித்துருங்கன்னு லயத்துல சொல்றாங்க. ஹோர்மோன் ஊசி போட்டா சரி வருமா?

பதில்: அக்கா, மாட்ட விக்காதீங்க. நீங்க எழுதியிருக்கிறத பாத்தா இது மலட்டு மாடுன்னு எனக்கு தோணல. 21, 22 நாளுக்கு ஒருக்கா தவறாம கத்துதுன்னா சூலகம் அதோட வேலைய ஒழுங்கா செஞ்சிக்கிட்டுதான் இருக்கு, அதனால ஹோர்மோன் ஊசிக்கு இப்ப அவசரமே இல்ல. அது பருவத்துக்கே வராத மாட்டுக்கும், சூலகத்துல கட்டி இருக்கிற மாட்டுக்கும், டாக்டர் கை விட்டு பாத்த பிறகு போடுறது. சில பேர் புரொஸ்டகிளாண்டின்ங்கிற ஹோர்மோன் ஊசிய கடையில வாங்கிட்டு வந்து தாங்களே குத்துறாங்க, மாடு ஏற்கனவே சினையா இருந்தா அதுல கரு கலைஞ்சிரும், அதோட அந்த மருந்து தோல் வழியாவும் உள்ள போகும், புள்ளத்தாச்சி பொம்பளைங்களும் ஆஸ்மா உள்ளவங்களும் அத தொடவே கூடாது.

உங்க விசயத்துல எனக்கு முதல்ல கண்ணுல பட்டது நேரம். மாடு பருவத்துல நிக்கிறது 12ல இருந்து 18 மணிநேரம், அது முடிஞ்சு ஒரு 10, 12 மணிநேரத்துல முட்டை வெளிய வரும், வந்த முட்டை சில மணிநேரம்தான் உயிரோட இருக்கும். அதனாலதான் காலைல கத்துனா அன்னைக்கு பின்னேரம், பின்னேரம் கத்துனா மறுநாள் காலைலன்னு நாங்க திரும்ப திரும்ப சொல்றது. உங்க மாட்டுக்கு காலைல பாத்து அடுத்த நாள் பின்னேரம் போட்டிருக்காங்க, 30 மணிநேரத்துக்கும் மேல! அதுவும் நீங்க பாத்தது காலைல, ஆனா நிறைய மாடு ராத்திரியில இல்லாட்டி விடியக்காலைலதான் பருவத்துக்கு வரும், அப்ப உண்மையில அது நடுச்சாமத்துலயே தொடங்கியிருக்கலாம். வாகனம் பிந்தி வந்ததுக்கு மாட்டுக்கு மலட்டு பட்டம் குடுக்கிறத கேக்குறப்ப எனக்கு மனசு கஷ்டமா இருக்கு, இப்படி நல்ல நல்ல மாடெல்லாம் வியாபாரி கைக்கு போயிருக்கு.

ரத்தத்த பத்தி ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கு. பருவம் முடிஞ்சு ஒன்னு ரெண்டு நாள்ல கொஞ்சம் ரத்தம் வர்றது சாதாரணம், சினை பிடிச்சதுக்கோ பிடிக்காததுக்கோ அது அடையாளம் இல்ல. ஆனா ஊசி போடுறதுக்கு முந்தியே ரத்தம் கண்டா நேரம் கடந்துருச்சுன்னு அர்த்தம், அன்னைக்கு ஊசி போட்டு காச வீணாக்காம கலண்டர்ல திகதிய எழுதி வைங்க, அதுல இருந்து 17, 18 நாள் போனதும் மாட்ட நல்லா கவனிக்க தொடங்குங்க.

நீங்க காலைல கொழுந்து எடுக்க போயிட்டு பின்னேரம்தான் வீட்டுக்கு வர்றீங்க, அதுக்குள்ள பருவம் பாதி முடிஞ்சிரும், கட்டிப்போட்ட மாடு வேற மாடு மேல ஏறியும் காட்டாது. அதனால வேலைக்கு போறதுக்கு முந்தி ஒருக்கா, ராத்திரி படுக்க போறப்ப டோர்ச் எடுத்துட்டு ஒருக்கா, அவசரமில்லாம ஒரு 20 நிமிசம் நின்னு பாருங்க. கத்துறது, நிலையா நிக்காம இருக்கிறது, அடிக்கடி மூத்திரம் போறது, அன்னைக்கு பால் குறையுறது, பின்னாடி கண்ணாடி மாதிரி கோழை தொங்குறது இதெல்லாம்தான் அடையாளம். கண்ட உடனேயே போன் எடுங்க, மழை நாள்லயும் போயா லீவு நாள்லயும் ஆள் வர பிந்தும்னு உங்களுக்கே தெரியும்.

அடுத்தது கருப்பை. கொடிய கையால இழுத்து எடுத்தீங்கன்னு எழுதியிருக்கீங்களே, அதுல உள்ள புண்ணாகி கிருமி தங்கியிருக்க இடம் இருக்கு. வெளிய சீழ் தெரியாட்டியும் லேசான அழற்சி இருந்தா கரு தங்காது, மாடு மட்டும் சரியா 21 நாள்ல திரும்பி வரும், உங்க மாடு மாதிரியே. அடுத்த பருவத்துல அந்த கோழைய ஒரு வெள்ளை கடதாசில பிடிச்சு பாருங்க. முட்டை வெள்ளைக்கரு மாதிரி தெளிவா இருந்தா நல்லது, வெள்ளையா நூல் நூலாவோ கலங்கலாவோ இருந்தா அந்த தடவ ஊசி வேணாம், முதல்ல கருப்பைக்கு மருந்து வச்சு சுத்தமாக்கிட்டு அடுத்த பருவத்துல போட்டுக்கலாம். உங்க பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்துல சொல்லி ஒருக்கா கை விட்டு பாக்க சொல்லுங்க, என்ன மருந்துன்னு அவங்கதான் முடிவெடுக்கணும்.

தீனி பத்தி நீங்க ஒன்னுமே எழுதல, ஆனா நம்ம பக்கத்து நெலம எனக்கு தெரியும். ரோட்டோர புல்லும் கொஞ்சம் தேங்காய் புண்ணாக்கும் போட்டா பால் வரும், ஆனா மாடு தன்னோட உடம்ப கரைச்சுதான் அந்த பால தரும், விலா எலும்பு எண்ணுற அளவுக்கு தெரிஞ்சா சினை பிடிக்கிறது கஷ்டம். 400 கிலோ மாட்டுக்கு ஒரு நாளைக்கு பச்சப்புல்லே 40 கிலோ கிட்ட வேணும், அதோட தீவனம், தண்ணி எந்நேரமும், மினரல் மிக்ஸ்ச்சர் தினமும் 30ல இருந்து 50 கிராம். மினரல மட்டும் விட்டுறாதீங்க அக்கா, மலைநாட்டுல மழை மண்ணுல இருக்கிற சத்த கழுவிக்கிட்டு போயிருது, புல்லு பச்சையா இருந்தாலும் அதுல எல்லாம் இருக்காது. மரக்கறி தோட்டத்துல ஒதுக்குற கோவா இலைய மட்டுமே அள்ளி போடாதீங்க, புல்லோட கொஞ்சமா கலந்து குடுக்கலாம். தேயிலைக்குள்ள மருந்தடிச்ச இடத்து புல்லு வேணவே வேணாம். பால் குறைஞ்சதுக்கு ஒரு பங்கு காரணம் கன்னு போட்டு 7 மாசம் ஆனதுதான், அதுக்கு பயப்பட வேணாம்.

கத்தாழை, பிரண்டை, கறிவேப்பிலை குடுக்கிற முறை இப்ப வீடியோவுல சுத்துது. அளவா குடுத்தா கெடுதல் இல்ல, ஆனா அத நம்பிட்டு டாக்டர்ட்ட காட்டாம இருந்துறாதீங்க. பக்கத்து வீட்டு காளைய விடலாமான்னு யோசிச்சாலும் வேணாம், பல மாட்டுக்கு போற காளை கருப்பை நோயையும் கூடவே கொண்டு வரலாம். 5 மாசத்துக்கு மேல கரு விழுற மாடா இருந்தா கரு கலைய வைக்கிற புரூசெல்லா கிருமிக்கு ரத்தம் சோதிக்கணும், விழுந்தத வெறுங்கையால தொடாதீங்க, அது மனுசனுக்கும் தொத்தும். உங்க மாட்டுக்கு அப்படி நடக்கல, இருந்தாலும் பால கொதிக்க வச்சே குடிங்க.

அடுத்த தடவ ஊசி போட்டு 21ம் நாள் கத்தலன்னா சினைன்னு முடிவு கட்டிறாதீங்க, ரெண்டு மாசம் கழிச்சு சினை பாக்க சொல்லுங்க. கன்னு போட்டு 12 மணிநேரத்துல கொடி விழலன்னா இந்த தடவ யாரையும் இழுக்க விடாம உடனே எங்கள கூப்பிடுங்க.