விஷப் பரிசோதனை 'நெகட்டிவ்' என்றால் விஷமே இல்லையா?

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 41. பயிருக்கு மருந்து அடித்துவிட்டு வந்தவர், மாலையில் வாந்தி எடுத்து, வாயில் நுரை தள்ளி மயங்கிவிட்டார். பூச்சிமருந்து விஷம் என்று சொல்லி, ஊசி மேல் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். போலீசுக்கும் தகவல் போனது. இப்போது சிறுநீர் விஷப் பரிசோதனை 'நெகட்டிவ்' என்று வந்திருக்கிறது. தான் எதையும் குடிக்கவில்லை என்கிறார் அண்ணன். அப்படியானால் கொடுத்த சிகிச்சை தவறா? குடித்துவிட்டார் என்று வந்த பழி என்னாவது?

பதில்: ரிப்போர்ட் சரியாக இருக்கலாம், சிகிச்சையும் சரியாக இருக்கலாம், உங்கள் அண்ணன் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். மூன்றுக்கும் முரண்பாடு இல்லை.

அந்த ரிப்போர்ட்டை எடுத்து, எதையெல்லாம் தேடினார்கள் என்ற பட்டியலைப் பாருங்கள். வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனை அபின் வகை, தூக்க மாத்திரை வகை, கஞ்சா என்று சில போதைப் பொருள்களையும் மருந்துகளையும் மட்டுமே தேடும். பூச்சிமருந்து அதில் இருக்காது. பதிவேட்டில் இல்லாத பெயரை யாரும் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான். பட்டியலில் உள்ளவற்றிலும் கோட்டை விடுவது உண்டு: அபின் வகைக்கான சாதாரணச் சோதனையில், அபினைப் போலவே வேலை செய்யும் ஃபென்டனில் என்ற செயற்கை மருந்து சிக்காது.

உங்கள் அண்ணனுக்குத் தேவைப்பட்டது ரத்தத்தில் கோலினெஸ்டெரேஸ் என்ற நொதியின் அளவு. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து இந்த நொதியைத்தான் முடக்குகிறது. சேர்த்த அன்று அதைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றாலும் வழி முழுக்க அடைபட்டுவிடவில்லை. சிவப்பணுவில் உள்ள நொதி, புதிய அணுக்கள் வர வர, நாளுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் என்ற கணக்கில் மெதுவாகத்தான் மீளும். இன்று ஒருமுறை, சில வாரம் கழித்து ஒருமுறை எடுத்துப் பார்த்து, அளவு நன்றாக ஏறியிருந்தால் முன்பு அது குறைந்திருந்தது என்று புரியும். ஆரோக்கியமானவர்களிடையே இந்த அளவு ஆளுக்கு ஆள் நிறைய மாறும் என்பதால், ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டக்கூடாது. அடித்தது கார்பமேட் வகை மருந்து என்றால் இந்த வழி உதவாது. நொதி ஓரிரு நாளிலேயே பழைய நிலைக்கு வந்துவிடும்.

சிகிச்சைக்கு வருவோம். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, உடம்பு வியர்வையில் நனைந்து, எச்சில் வழிந்து, நாடி குறைந்து, நெஞ்சில் நீர் களகளக்கும் ஒருவரை வைத்துக்கொண்டு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தால், ரிப்போர்ட் வரும்போது ஆள் இருக்க மாட்டார். இந்த விஷத்துக்கான முறிவு மருந்தான அட்ரோபினை 5 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கி, நெஞ்சு சுத்தமாகும்வரை கொடுப்பதுதான் முறை. நீங்கள் பார்த்த 'ஊசி மேல் ஊசி' அதுதான். இந்த விஷம் இல்லாத ஒருவருக்கு அதைக் கொஞ்சம் போட்டாலே வாய் வறண்டு, நாடி எகிறும். அவ்வளவு மருந்தையும் உங்கள் அண்ணன் உடம்பு தாங்கியதே ஒரு சாட்சிதான். அட்ரோபின் போட்ட நேரமும் அளவும் கேஸ் ஷீட்டில் இருக்கும். நகல் வாங்கி வையுங்கள்.

அடுத்து, குடித்தாரா இல்லையா? இந்த மருந்துகள் தோல் வழியாகவும் நன்றாக உள்ளே போகும். வாய் வழியா தோல் வழியா என்று ரத்தம் சொல்லாது. இரைப்பையைக் கழுவியிருந்தால் அந்த நீர், அன்று போட்டிருந்த சட்டை, மருந்துப் புட்டி இவைதான் சொல்லும். சட்டையைத் துவைக்காமல் வைத்திருந்தால், கையுறை போட்டு ஒரு பையில் இறுகக் கட்டி, விசாரிப்பவர்களிடம் கொடுங்கள். புட்டி லேபிளோடு இருக்கட்டும். போலீசுக்குச் சொன்னதைப் பழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விஷம் என்று சந்தேகம் வந்தால் தகவல் தருவது பல நாடுகளில் மருத்துவரின் சட்டக் கடமை. அவர் தெரிவிப்பது சந்தேகத்தை மட்டும்தான்.

இதைப் படிக்கும் பொது மருத்துவர்களுக்கும் கொஞ்சம் சொல்லவேண்டும். முதலில் எடுத்த ரத்தத்தையும் முதல் சிறுநீரையும் கொட்டிவிடாதீர்கள். பிறகு எடுப்பது எதுவும் அதற்கு ஈடாகாது. பெயர், நேரம், சீல், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற கையெழுத்து எல்லாம் வேண்டும். மதுவின் அளவு பார்ப்பதற்கான ரத்தத்தை ஃபுளோரைடு டியூபில் எடுங்கள், தோலை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள். கோலினெஸ்டெரேஸுக்கு அதே டியூபைப் பயன்படுத்திவிடாதீர்கள், ஃபுளோரைடே அந்த நொதியைத் தடுக்கும். படிவத்தில் வெறுமனே 'விஷம்?' என்று எழுதினால் ஆய்வகம் எதைத்தான் தேடும்? நோயாளியிடம் கண்ட அறிகுறிகளையும் உங்கள் சந்தேகத்தையும் நேரத்தையும் எழுதுங்கள். பாராசிட்டமால் விழுங்கி 4 மணி நேரம் ஆகுமுன் எடுத்த அளவை வைத்து முறிவு மருந்து வேண்டாம் என்று முடிவெடுக்க முடியாது. கார்பன் மோனாக்சைடு உள்ளே போனவருக்கு விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தாலும் 98 என்று சிரித்துக்கொண்டே காட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சந்தேகம் வரவேண்டும். 1971-இல் இங்கிலாந்தில் கிரஹாம் யங் என்பவன் உடன் வேலை செய்தவர்களின் பானங்களில் தாலியம் என்ற நச்சு உலோகத்தைக் கலந்தான். அடுத்தடுத்து ஆட்கள் விழுந்தபோது ஏதோ வைரஸ் பரவுகிறது என்றே பேசிக்கொண்டார்கள். இரண்டு பேர் இறந்தார்கள். தகனம் செய்யப்பட்ட ஒருவரின் சாம்பலில்கூடப் பிறகு தாலியம் கிடைத்தது. காரணம் புரியாத வாந்தி, கால் எரிச்சல், அப்புறம் கொத்தாக முடி உதிர்வு என்றால் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள்.

உங்கள் அண்ணன் விஷயத்தில் இன்னும் சில. இந்த வகை விஷத்தில் சிலருக்கு 2, 3 வாரம் கழித்துக் கால் மரத்து, பாதம் தொய்ந்துபோகலாம். அப்படி வந்தால் உடனே நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். நொதி பழைய அளவுக்கு வரும்வரை மருந்து அடிக்கப் போகவேண்டாம். அப்புறம், வீட்டார் யாரும் இல்லாமல் அவர் ஒருமுறை மருத்துவரிடம் தனியாகப் பேசட்டும். குடிக்கவில்லை என்பதை நம்பாததால் சொல்லவில்லை. உங்கள் முன்னால் சொல்ல முடியாத ஏதாவது இருந்தால், சொல்ல ஓர் இடம் வேண்டுமே.