"செத்துட்டேன், இரு... அடுத்த மேட்ச்ல வர்றேன்!"

வாசகர் கேள்வி - பதில்

போரை வைத்து வரும் வீடியோ கேம்கள், அவற்றின் விளம்பரங்கள் பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில்.

பத்தாவது படிக்கும் மகன் ராத்திரியில் கூட்டாளிகளோடு பி.ஜி.எம்.ஐ. (பப்ஜி கேமின் இந்தியப் பதிப்பு) ஆடுகிறான். "செத்துட்டேன்டா, அடுத்த மேட்ச்ல வர்றேன்" என்று சிரிக்கிறான். என் அண்ணன் ராணுவத்தில் இருக்கிறார். கேட்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?
– ஒரு தாய், அரூர்

அவன் சொல்லும் 'செத்துட்டேன்', கபடியில் 'அவுட்' என்பதற்குச் சமம். கோட்டுக்கு வெளியே போனவன் திரும்ப உள்ளே வருகிற மாதிரிதான். நூறு பேர் பாராசூட்டில் குதித்து, கடைசியில் நிற்பவர் ஜெயிக்கும் போட்டி அது. போரின் உடுப்பை மாட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் சிரிப்பைக் கண்டு பயப்பட வேண்டாம்.

உங்கள் வயிற்றைப் பிசைவதற்கும் காரணம் உண்டு. துப்பாக்கியின் பெயர், அதன் தோற்றம், சுடும்போது அது உதறும் விதம் எல்லாவற்றையும் அச்சு அசலாகக் காட்டுகிறார்கள். குண்டு பட்ட பிறகு நடப்பதைத்தான் காட்டுவதில்லை. கேமில் மருந்துப் பெட்டியை எடுத்து எட்டு நொடி காத்திருந்தால் முழு உயிரும் திரும்பிவிடும். நிஜத்தில் தொடையில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் ஆள் போய்விடுவார். பக்கத்தில் இருப்பவர் காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின்மேல் படாமல், டூர்னிகே பட்டையைக் கட்டி ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். அடிபட்டவர் வலி தாங்காமல் "விடுடா" என்று கத்துவார். அதற்காகத் தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தையும் எழுதிவைக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் காலே போகும் ஆபத்து கூடிவிடும். உயிர் பிழைத்தாலும் நொறுங்கிய எலும்பு, சீழ், அடுத்தடுத்து ஆபரேஷன் என்று மாதக்கணக்கில் இழுக்கும்.

சத்தமும் அப்படித்தான். 140 டெசிபலைத் தாண்டிய வெடிச்சத்தம் ஒரே தடவையில் காதைக் கெடுக்கும். ரைபிள் சத்தம் அதையும் மிஞ்சியது. பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் சிலர் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பதற்குக் காரணம் வயது மட்டும் இல்லை.

ஒரு நாள் பையன் பக்கத்தில் உட்கார்ந்து முழு மேட்சும் பாருங்கள். கேமில் வரும் எராங்கல் தீவு எட்டுக்கு எட்டு கிலோமீட்டர். வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கும், குடியிருக்க ஓர் ஆள் இருக்காது. "இந்த வீட்டுக்காரங்கெல்லாம் எங்கடா போனாங்க?" என்று மட்டும் கேளுங்கள். மாமா லீவில் வரும்போது மிச்சத்தை அவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

கேமைவிட அதன் விளம்பரம்தான் மோசம் என்கிறான் என் நண்பன். சரியா?
– வாசகர், ஓசூர்

பெரும்பாலும் சரி. கேமுக்குள் தோற்கவாவது வேண்டியிருக்கிறது. விளம்பரத்தில் அதுகூடக் கிடையாது.

2010-ல் 'கால் ஆஃப் டியூட்டி: பிளாக் ஆப்ஸ்' கேமுக்கு வந்த விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடிந்த நகரத்தில் கட்டடத் தொழிலாளி, சமையல்காரர், ஹீல்ஸ் போட்ட பெண் என்று அன்றாட உடையில் இருப்பவர்கள் சுட்டுக்கொண்டே வருவார்கள். கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட்டும் வருவார், அவர் துப்பாக்கியில் அவருடைய பட்டப்பெயரே எழுதியிருக்கும். எல்லார் முகத்திலும் குஷி. நம் எல்லாருக்குள்ளும் ஒரு படைவீரன் இருக்கிறான் என்ற பொருளில் ஒரு வரியோடு முடியும். இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கப் படைகள் இருந்த நேரம் அது. நிஜ வீரர்கள் சவப்பெட்டியில் திரும்பிக்கொண்டிருந்தபோது ஆளாளுக்கு வீரர் பட்டம் கொடுத்ததால்தான் கண்டனம் வந்தது.

2016 அக்டோபரில் நடந்தது இன்னும் கேவலம். முதல் உலகப் போரை வைத்து வந்த 'பேட்டில்ஃபீல்டு 1' கேமின் ட்விட்டர் கணக்கில், நெருப்பு பீய்ச்சும் ஆயுதத்தோடு நிற்கும் சிப்பாய் படத்துக்கு நைட் கிளப் ஜோக் எழுதிப் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் நீக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள்.

சில நேரம் பெயரை மட்டும் மாற்றித் தப்பிப்பதும் உண்டு. 2010-ல் வந்த 'மெடல் ஆஃப் ஹானர்' கேமில், பலர் சேர்ந்து ஆடும் பகுதியில் ஓர் அணிக்கு 'தலிபான்' என்று பெயர் இருந்தது. கடைகள் அதை விற்கக் கூடாது என்றார் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சர் லியாம் ஃபாக்ஸ். கேம் கடைக்கு வரும் முன்பே 'எதிர்ப்படை' என்ற பொருளில் பெயரை மாற்றினார்கள். ஆட்டம் என்னவோ அதே ஆட்டம்தான்.

விளம்பரத்தை எடைபோட எளிய வழி: சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பாட்டு இல்லாவிட்டால் பாதி குஷி வடிந்துவிடும். பிறகு நடுநடுவே நிறுத்தி, சுடுகிறவர் முகம் எத்தனை தடவை தெரிகிறது, சுடப்படுகிறவர் முகம் எத்தனை தடவை தெரிகிறது என்று எண்ணுங்கள்.

எங்கள் ஊர் பாரதக் கூத்தில் பதினெட்டாம் போர் நடக்கிறது. வேடியப்பன் என்று நாங்கள் கும்பிடும் கல்லிலும் வில்லோடு ஒரு வீரன்தான் நிற்கிறான். நாமும் போரை விளையாட்டாக்கியவர்கள்தானே? மொபைலை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?
– வாசகர், பென்னாகரம்

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். சண்டையை வேடிக்கையாக்குவது நமக்குப் புதிதில்லை. கூத்தில் பீமன் கதையைச் சுழற்றும்போது விசிலடிக்காத பையன் உண்டா?

ஆனால் கடைசி நாள் காலையில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். தொடையில் அடி விழும், திரௌபதி கூந்தலை முடிவாள். ஜெயித்தாகிவிட்டது என்று யாரும் எழுந்து வீட்டுக்குப் போவதில்லை. காந்தாரி வந்து ஒப்பாரி வைப்பாள். ராத்திரியெல்லாம் துரியோதனனைத் திட்டிக்கொண்டிருந்த கிழவிகள் அவளோடு சேர்ந்து அழுவார்கள். தோற்றவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள் என்பது படுகளம் என்னும் இந்தக் கடைசி நாள் நிகழ்ச்சியின் பாதி.

வேடியப்பன் கல் மாதிரி, செத்த வீரனுக்காக நட்ட நடுகல்லும் அப்படியே. தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். எழுத்துள்ள கல்லில் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய ஆள் என்றெல்லாம் சொல்லி, தொறு மீட்டுப் பட்டான் என்று முடித்திருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் செத்தான். உடம்பில் தைத்த அம்பையும் சில கற்களில் செதுக்கியிருப்பார்கள். ஒருவன் எதற்காகச் செத்தான் என்பதை ஆயிரம் ஆண்டு தாங்கும்படி எழுதிவைத்த ஊர் இது. கேமில் திரை ஓரத்தில் ஒரு பெயர் வந்து, நாலைந்து நொடியில் மறைந்துபோகிறது.

கேமிலும் இதைச் செய்ய முடியாது என்றில்லை. போலந்தில் 2014-ல் உருவான 'திஸ் வார் ஆஃப் மைன்' கேமில் நீங்கள் சிப்பாயே இல்லை. முற்றுகையில் மாட்டிய ஊரில் சோற்றுக்கும் மருந்துக்கும் அலையும் குடிமக்கள். கிழவர் வீட்டில் திருடினால் உங்கள் ஆளே மனம் உடைந்து படுத்துவிடுவார். சராயேவோ முற்றுகையை மனதில் வைத்துச் செய்தது. 2020-ல் போலந்து அரசு அதை மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. 'ஆர்மா 3' கேமுக்கு 2017-ல் செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து போர்ச் சட்டங்கள் பற்றி ஒரு பகுதி வந்தது. அதில் கண்ணிவெடி அகற்றும் தொண்டராக ஆட வேண்டும்.

வன்முறை கேம் ஆடினால் பிள்ளைகள் நிஜத்திலும் வன்முறையில் இறங்குவார்களா?
– ஆசிரியை, ஊத்தங்கரை

வன்முறைக் குற்றங்களுக்கு கேமைக் காரணம் காட்டுவது அறிவியல்படி சரியில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் சொன்னது. கத்துவது, பிடித்துத் தள்ளுவது போன்ற சின்ன அளவு முரட்டுத்தனத்தோடு தொடர்பு இருப்பதாகவும் அதே அறிக்கை சொல்கிறது. வகுப்பில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்பதுதான்.

2025 மே மாத இந்தியா - பாகிஸ்தான் சண்டையின்போது எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த வீடியோ கேம் காட்சியாம். எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், காவேரிப்பட்டணம்

அந்த வாரத்தில் இப்படிப் பல வீடியோக்கள் சுற்றின, மத்திய அரசின் பி.ஐ.பி. ஃபேக்ட் செக் பிரிவும் சிலவற்றைப் பொய் என்று அறிவித்தது. அதிகம் மாட்டுவது 'ஆர்மா 3'. அதைத் தயாரித்த போஹீமியா நிறுவனமே 2022-ல் அடையாளங்களைச் சொல்லியிருக்கிறது: ராத்திரி நேரம், மங்கிய படம், வேண்டுமென்றே ஆட்டிய கேமரா, நடமாடும் மனிதர்களே இல்லாதது, இயற்கையாகக் கலையாத புகை. திரையின் மூலையில் எண்ணோ குறியோ வெட்டுப்பட்டுத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

வெளிச்சம் முதலில், வெடிச்சத்தம் பிறகு என்று வந்தால் நிஜம் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. அதை நம்பாதீர்கள், ஆர்மா அந்தத் தாமதத்தையும் காட்டும். வெடிக்கும் நொடியில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் போடுங்கள். பழைய யூடியூப் கேம் வீடியோ பெரும்பாலும் அங்கேயே சிக்கிவிடும்.

பி.ஜி.எம்.ஐ.யில் சிறுவர்களுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது என்கிறார்கள், என் மகனுக்கு வேலை செய்யவில்லையே?
– ஒரு தந்தை, பாலக்கோடு

18 வயதுக்குக் கீழ் என்றால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்று வரம்பு உண்டு, பெற்றோர் போனுக்கு ஓ.டி.பி.யும் வரும். ரத்தம் பச்சையாகத் தெரிவதும், 'கொலை' என்பதற்குப் பதில் 'முடித்தார்' என்று வருவதும் இந்தியப் பதிப்புக்காகச் செய்ததுதான். பையன் வயதைக் கூட்டிப் போட்டிருப்பான், அல்லது ஓ.டி.பி. வீட்டிலுள்ள இரண்டாவது சிம்முக்குப் போயிருக்கும். கேமை நம்பாமல் உங்கள் போனில் கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப்பைப் போட்டு, அவன் கூகுள் கணக்கை அதில் இணைத்து, அந்த ஆப்புக்கு மட்டும் நேரம் குறியுங்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிட்டு, அந்தப் பாஸ்வேர்டை அவன் பிறந்த தேதியாக வைக்காதீர்கள்.