நாரி நோவுக்குப் பன்னிரண்டு தடவைக் காசை முன்கூட்டியே கட்டலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 44. வேளாண்மை வெட்டு நேரம் நெல் மூட்டை தூக்கப்போய் நாரி பிடித்தது. இரண்டு மாதமாகியும் விடவில்லை. மட்டக்களப்பு டவுனில் ஒரு அக்குபஞ்சர் (உடம்பில் மெல்லிய ஊசி குத்திச் செய்யும் வைத்தியம்) நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். முதல் நாள் 3,000 ரூபாய் எடுத்தார்கள். அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டார். 12 தடவை வரவேண்டும், மொத்தம் 36,000, இந்தக் கிழமைக்குள் கட்டினால் 27,000 என்கிறார்கள். கட்டலாமா? (களுவாஞ்சிக்குடி வாசகி)

பதில்: கட்ட வேண்டாம். 9,000 ரூபாய் மிச்சம் என்று தெரியும். ஆனால் நாலு தடவையில் நோ விட்டாலும் சரி, பலனில்லை என்று நீங்கள் விட்டாலும் சரி, அந்தந்த நாள் காசு கொடுத்தவருக்கு 12,000 தான் செலவு. முன்கூட்டிக் கட்டியவருக்கு 27,000. பத்தாவது தடவை போகும்போதுதான் இந்தச் சலுகை உங்களுக்கு லாபமாகும்.

முதல் நாள் நித்திரையை மட்டும் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். நோ உச்சத்தில் நிற்கிற நாளில்தான் நாம் வைத்தியரைத் தேடி ஓடுகிறோம். அடுத்த நாள் அது கொஞ்சம் இறங்குவது, யார் தொட்டாலும் தொடாவிட்டாலும் நடக்கிற விஷயம்.

அதற்காக அக்குபஞ்சர் வெறும் ஏமாற்று என்று சொல்லவும் மாட்டேன். ஜெர்மனியில் நாட்பட்ட நாரி நோ உள்ள 1,162 பேரை வைத்துப் பெரிய ஆய்வொன்று நடத்தி 2007 இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, முறைப்படி ஊசி குத்திக்கொண்டவர்களில் 47.6 வீதமானோருக்குப் போதிய சுகம். மருந்து, உடற்பயிற்சி என்று வழக்கமான வைத்தியம் செய்தவர்களில் 27.4 வீதம். சரி, மூன்றாவது கூட்டத்துக்கு அக்குபஞ்சர் சொல்லும் புள்ளிகளை வேண்டுமென்றே தவறவிட்டு, மேலோட்டமாகக் குத்தியிருந்தார்கள். அவர்களில் 44.2 வீதம்! ஆகவே ஊசியால் சிலருக்குச் சுகம் கிடைப்பது உண்மை. ஆனால் 'எங்களுக்கு மட்டும் தெரிந்த விசேஷப் புள்ளி' என்று யாராவது கூடக் காசு கேட்டால், 47.6, 44.2 என்ற இந்த இரண்டு இலக்கங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆய்விலேயே முதலில் பத்துத் தடவைதான். ஓரளவு சுகம் தெரிந்தவர்களுக்கு மட்டும் இன்னும் ஐந்து.

அதனால் இப்படிப் பேசிப் பாருங்கள்: தடவைக்குத் தடவை காசு, ஒவ்வொரு முறையும் பில். வீட்டுக் கலண்டரில் இரண்டு விஷயம் குறித்து வையுங்கள். கிணற்றடியில் வாளியைக் குனிந்து தூக்க முடிகிறதா, கல்முனைக்குப் பஸ்ஸில் நோகாமல் இருந்து போக முடிகிறதா? ஐந்தாறு தடவைக்குப் பிறகும் கலண்டர் அதையே சொன்னால் விட்டுவிடலாம். இதற்கு உடன்படாத இடம் என்றால் எழும்பி வாருங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட மூன்று மாதத்துக்கு மேல் தாமதிக்கக் கூடாது. அவசரத்துக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசலாம். கையில் பில் இல்லாமல் போனால் கதை நீளும்.

இனி ஊசி. சில வருடங்களுக்கு முன் தோள்மூட்டு நோவுக்காக நானும் ஓரிடத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். குப்புறப் படுத்துக்கொண்டு தலையைத் திருப்பிப் பார்த்தால், பக்கத்து மேசையில் ஒரு தட்டில் ஸ்பிரிட்டுக்குள் ஊசிகள் ஊறிக்கொண்டிருந்தன. ஒன்றின் நுனி லேசாக வளைந்திருந்தது. கேட்டதற்கு, "ஸ்பிரிட் போட்டிருக்கு, பயமில்லை" என்றார். சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கட்டிய காசு போனது போனதுதான். ஸ்பிரிட்டில் நனைத்தால் ஊசி கிருமி நீங்கிவிடாது. ஈரலைத் தாக்கும் ஹெப்பட்டைட்டிஸ் பி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்ற அப்படியான ஊசி ஒன்று போதும். ஒட்டிய உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும், குத்தி எடுத்ததும் பாவித்த ஊசிகளை எறியும் பெட்டிக்குள் போட வேண்டும். மேல் முதுகிலோ நெஞ்சுப் பக்கமோ குத்திய பிறகு மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி. அரிதாக நுரையீரலில் ஊசி பட்டுவிடுவதுண்டு.

இதெல்லாவற்றுக்கும் முன், உங்கள் கணவரை ஒருமுறை அரச வைத்தியசாலை ஓபிடியில் காட்டினீர்களா? கடிதத்தில் அது இல்லை. அங்கே பிசியோதெரபிக்கு எழுதித் தந்தால் செலவு பஸ் காசு மட்டும். காத்திருக்க வேண்டிவரும், அது வேறு கதை. கால் பலமிழப்பது, இருக்கை படும் இடம் மரத்துப்போவது, சலம் போகாமல் அடைப்பது அல்லது அடக்க முடியாமல் போவது, காய்ச்சலோடு நோவது, காரணமில்லாமல் மெலிவது... இவற்றில் ஒன்று இருந்தாலும் ஊசியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: மகன் கட்டாரில் கைரோபிராக்டிக் (முள்ளந்தண்டைக் கையால் அழுத்தித் திருப்பும் வைத்தியம்) செய்து சுகமானான். இங்கேயும் ஒருவர் செய்கிறார். எக்ஸ்ரேயைப் பார்த்து எனக்கு முள்ளந்தண்டு விலகியிருக்கிறது, 24 தடவை வரவேண்டும் என்றார். வயது 61. கழுத்தையும் திருப்புவாராம். (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: கழுத்தைத் தொட விடாதீர்கள், ஐயா. கழுத்தைச் சடாரென்று திருப்பும்போது மூளைக்கு இரத்தம் கொண்டுபோகிற நாடியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த ஆட்கள் இருக்கிறார்கள். அரிதுதான், ஆனால் வந்தால் முழுதாகத் திருத்த முடியாமல் போகலாம்.

'டக்' என்று கேட்கிற சத்தம் எலும்பு இடத்துக்கு வந்த சத்தமல்ல. மூட்டுத் திரவத்துக்குள் வாயுக் குமிழி உண்டாகிற சத்தம். விரலில் நெட்டி முறிக்கும்போது கேட்பதும் அதேதான். அறுபது வயதில் எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலானோருக்குத் தேய்வு தெரியும், நோவே இல்லாதவருக்கும் தெரியும். அதைக் காட்டி 24 தடவை விற்பது வியாபாரம்.

அமெரிக்காவில் டேவன்போர்ட் என்ற ஊரில் 1895 இல் தொடங்கிய முறை இது. அங்கே பட்டமும் அனுமதிப்பத்திரமும் இல்லாமல் கை வைக்க முடியாது. இங்கே உங்களுக்குச் செய்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? டொக்டர், பிசியோ என்றால் இலங்கை மருத்துவ சபை. சித்த, ஆயுர்வேத வைத்தியர் என்றால் ஆயுர்வேத மருத்துவ சபை. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற சான்றிதழ் பதிவாகாது. நாரிக்கு இப்படிக் கையால் செய்யும் வைத்தியத்தில் ஓரளவு பலன் உண்டு, உடற்பயிற்சியைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை. வாபரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் குளிசை போடுபவர்களும் எலும்பு பலமிழந்து எளிதில் முறியக்கூடியவர்களும் அதற்குக்கூடப் போக வேண்டாம்.

கேள்வி: பாமசியில் இடுப்பு பெல்ட் 6,500 ரூபாய். வாங்கலாமா? (வாழைச்சேனை)

பதில்: நாட்பட்ட நாரி நோவுக்கு பெல்ட் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டியில் இருக்கிறது. டொக்டர் வேறு காரணத்துக்கு எழுதித் தந்திருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் அந்தக் காசில் நல்ல சப்பாத்து ஒரு சோடி வாங்கிக்கொண்டு பின்னேரத்தில் நடங்கள்.